கையை ஆட்டுவதில் என்ன ரகசியம்?

"விடுக்கா. மைக்க ஆஃப் பண்ணிட்டேன், பேரு கூட பொய்ப் பேருதான். மீதி என்ன இருக்கு? தலையை ஆட்டுறேன், கையை ஆட்டுறேன். அதுல என்ன ரகசியம்?" ஹெட்செட் மாட்டும்போது கொஞ்சம் கவனமாக இரு என்று நான் சொன்னதற்குத் தம்பி இப்படிக் கேட்டான். நியாயமான கேள்விதான். அவன் தினமும் சாயங்காலம் வி.ஆர். ஹெட்செட்டை, அதாவது கண்ணை மூடி மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவியை, மாட்டிக்கொண்டு விளையாடுவது பீட் சேபர். இரண்டு கையிலும் ஒளிவாள். பாட்டின் தாளத்துக்கு ஏற்ப சிவப்பும் நீலமுமாகக் கட்டிகள் எதிரே பறந்து வரும். அம்புக்குறி காட்டுகிற திசையில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதில் அவன் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை, பணம் அனுப்புவதில்லை, படம் போடுவதில்லை. நாம் வழக்கமாக ரகசியம் என்று சொல்லக்கூடிய எதுவுமே அங்கே இல்லை.

நான் போன் செயலிகளுக்குத் திரை வரைந்து பிழைப்பவள். எந்தப் பொத்தானை எங்கே வைத்தால் மக்கள் அழுத்துவார்கள், எந்த நிறத்தில் வைத்தால் அழுத்தாமல் தாண்டிப் போவார்கள் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளம். அதனால் இதைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் வழக்கமான பதில்களை எடுத்து விட்டேன். தகவலைச் சேர்ப்பார்கள், விற்பார்கள், விளம்பரம் காட்டுவார்கள். "என் கை வீச்சை யாருக்கா காசு குடுத்து வாங்குவாங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்லவும் கையில் எதுவும் இல்லை. அப்புறம் வெகுநாள் இந்தக் கேள்வி என்னோடேயே சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் கிடைத்த பதில், வேடிக்கையாக, அவன் விளையாடுகிற அதே ஆட்டத்திலிருந்தே வந்தது. பீட் சேபர் ஆடுபவர்கள் தங்கள் ஸ்கோர் உண்மையானது என்று காட்ட, ஆட்டப் பதிவுகளை பீட்லீடர் என்ற தரவரிசைப் பட்டியலில் ஏற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பதிவில் இருப்பது தலையும் இரண்டு கைகளும் ஒவ்வொரு கணமும் எங்கே இருந்தன என்பது மட்டும். அதாவது மூன்று புள்ளிகள். பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இப்படி 55,541 பேருடைய பதிவுகளை எடுத்தார்கள். ஆளுக்கு 5 நிமிட அசைவைக் கணினிக்குப் பழக்கினார்கள். பிறகு முன்பு காட்டாத 100 விநாடி அசைவைக் கொடுத்து, இது யார் என்று கேட்டார்கள். 94.33 சதவீதம் சரியாகச் சொன்னது. வெறும் 10 விநாடி கொடுத்தபோதும் 73.2 சதவீதம். 2023இல் இது வெளியானது. அதற்கு முன்பே, 2020இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 511 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்திருந்தார்கள். அவர்கள் வாள் எதுவும் சுழற்றவில்லை, சுற்றிலும் ஓடும் வீடியோவை நின்றபடி வேடிக்கை பார்த்தார்கள். ஆளுக்கு 5 நிமிடத்துக்கும் குறைவான பதிவு. அதில் 95 சதவீதம் பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள்.

யோசித்தால் இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. உயரம் ஆளுக்கு ஆள் வேறு, கை நீளம் வேறு, மணிக்கட்டு திரும்புகிற வேகம் வேறு. இருட்டில் வருகிற ஆளை நடையை வைத்தே நாம் கண்டுபிடிப்பதில்லையா? ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பயமுறுத்துவதாகிவிடும். இந்த ஆய்வுகளில் ஒரே ஆட்டம், அல்லது ஒரே மாதிரியான வேலை. ஏற்கெனவே பதிவு உள்ளவர்களின் கூட்டத்துக்குள்தான் தேடல். தெருவில் போகிற யாரோ ஒருவரின் பெயரையும் விலாசத்தையும் கையசைவு சொல்லிவிடாது. அது செய்யக்கூடியது வேறு: இரண்டு வெவ்வேறு பெயர்களில் உலவுகிறவர் ஒரே ஆள்தான் என்று ஒட்டவைத்துவிடலாம். குடியை விட முயல்கிறவர்கள் கூடிப் பேசும் மெய்நிகர் அறைக்கு வேறு பெயரில் போகிறவர், வீட்டுக்குத் தெரியாமல் தன் பாலினத்தை அங்கே மட்டும் வெளிப்படையாக வைத்துக்கொள்கிறவர், இவர்களுக்கெல்லாம் பொய்ப் பெயர்தான் ஒரே மறைப்பு. அந்த மறைப்பு அவ்வளவு கெட்டியானதில்லை என்கிறது இந்த ஆய்வு.

தம்பியிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "சரி, நான்தான்னு கண்டுபிடிச்சா என்ன? நான்தானே விளையாடுறேன்" என்றான். இதுவும் நியாயம்தான். அவன் ஒளிந்துகொண்டு விளையாடவில்லையே. அடையாளம் தெரிந்துவிடும் என்பது சிலருக்குப் பெரிய ஆபத்து, ஆனால் எல்லோருக்கும் இல்லை. அப்படியானால் எல்லோருக்குமான பதில் வேறு எங்கோ இருக்கிறது.

நின்றுகொண்டே படிக்கும் ஒப்பந்தம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலைக்காக ஹெட்செட் வாங்கினார்கள். கண் அசைவையும் கண்காணிக்கிற வகை. பெட்டியைப் பிரித்து அமைத்தது நான். மாட்டியதும் சுற்றியிருந்த அறை மறைந்து போனது. மார்பு உயரத்தில் ஒரு பலகை மிதந்தது. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்று ஆரம்பிக்கும் வழக்கமான வாசகம். 'தொடரவும்' பளிச்சென்ற நீலத்தில். 'இப்போது வேண்டாம்' சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், கீழே. முழு விவரத்தையும் படிக்க வேண்டுமென்றால் கையை நீட்டிப் பலகையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கையை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தால் தோள் கடுக்கும். திரை வடிவமைக்கிறவர்கள் இதற்கு 'கொரில்லா ஆர்ம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பாலபாடத்தில் வருகிற விஷயம். அது தெரிந்த ஒருவர்தான் இவ்வளவு நீளமான ஒப்பந்தத்தை இந்த இடத்தில் வைத்திருக்கிறார். நான் இரண்டாவது பத்தியிலேயே கையை இறக்கிவிட்டேன்.

போனில் இப்படி ஒரு பெட்டி வந்தால் நமக்கு ஒதுங்க இடம் உண்டு. போனைக் கீழே வைக்கலாம். பக்கத்தில் இருக்கிறவரிடம் "இதைப் பாரேன், என்ன கேக்குது?" என்று நீட்டலாம். ஹெட்செட்டுக்குள் பக்கத்தில் ஆள் இல்லை, பக்கம் என்பதே இல்லை. கேட்கிறவன்தான் அங்கே சுவர், தரை, வெளிச்சம் எல்லாம். அதைவிட முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. வரைபடச் செயலிக்கு இருப்பிடத்தைக் கொடுக்க மாட்டேன் என்றால் அது தெருவின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும், கொஞ்சம் சிரமப்பட்டு ஓடும். வி.ஆரில் தலை அசைவைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வழியே கிடையாது. தலை திரும்புவதைப் பார்த்துத்தான் அடுத்த காட்சியையே வரைகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஜெரமி பெய்லென்சன் 2018இல் ஒரு கணக்கு எழுதினார்: 20 நிமிடம் வி.ஆருக்குள் இருந்தால் 20 லட்சத்துக்குச் சற்றே குறைவான உடலசைவுப் பதிவுகள் உண்டாகும். இதில் 'சம்மதம்' என்பது எந்த இடத்தில் நுழைகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாட்டினால் சம்மதம், கழற்றினால் மறுப்பு. நடுவில் எதுவும் இல்லை.

வாக்குறுதிகளை நம்பலாம் என்றால் அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 2014இல் வி.ஆர். ஹெட்செட் செய்யும் ஆக்குலஸ் கம்பெனியை ஃபேஸ்புக் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியபோது, ஹெட்செட்டைப் பயன்படுத்த ஃபேஸ்புக் கணக்கு தேவைப்படாது என்று ஆக்குலஸின் நிறுவனர் பால்மர் லக்கி ரசிகர்களிடம் சொன்னார். 2017இல் அவர் கம்பெனியை விட்டே போய்விட்டார். 2020இல் புதிதாக வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஃபேஸ்புக் கணக்கு கட்டாயம் என்று அறிவித்தார்கள். ஜெர்மனியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் அதே வருட டிசம்பரில் இது குறித்து விசாரணை தொடங்கியது. அங்கே விற்பனையை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். 2022இல் ஃபேஸ்புக்குக்குப் பதிலாகத் தனி மெட்டா (ஃபேஸ்புக் கம்பெனியின் புதுப் பெயர்) கணக்கு போதும் என்று ஆன பிறகே ஜெர்மனிக் கடைகளுக்கு ஹெட்செட் திரும்பியது. ஒரு நாட்டின் ஆணையம் பிடிவாதமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் சண்டை முழுக்க உள்ளே நுழைகிற கதவைப் பற்றித்தான். உள்ளே போன பிறகு நடப்பது இந்த விசாரணையின் கண்ணில் படவே இல்லை.

மாதிரி வீடு

எனக்கு விஷயம் புரிந்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனை அலுவலகத்தில். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் இன்னும் நான்காவது மாடியைத் தாண்டவில்லை, விற்பனை மும்முரமாக நடந்தது. வாங்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குட்டி மாடலைக் காட்டி, அப்புறம் ஹெட்செட்டை மாட்டிவிடுவார்கள். ஒன்பதாவது மாடியில் இல்லாத வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். அந்த நடையை உருவாக்கியது வேறொரு குழு. விற்பனையாளர் கையில் இருக்கும் டேப்லெட்டின் திரையை இன்னும் தெளிவாக வரைந்து தர வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வந்த வேலை. இப்போது எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை போய் மூலையில் உட்கார்ந்தேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி வந்தார்கள். முதலில் அந்த அம்மா மாட்டிக்கொண்டார். கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, விழுந்துவிடுவோமோ என்று ஒரு கையை முன்னால் நீட்டியபடி நடந்தார். டேப்லெட்டில் வீட்டின் வரைபடம் தெரிந்தது. அவர் நின்ற இடமெல்லாம் அதில் மெல்ல நிறம் ஏறியது. ஹாலில் வெளிர்நீலம், படுக்கையறையில் கொஞ்சம் மஞ்சள், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னலுக்கு எதிரே அடர்சிவப்பு. அந்த ஹெட்செட்டில் கண்ணைக் கண்காணிக்கும் வசதி கிடையாது. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தத் திசைக்கு ஒரு கோடு போட்டுக் கணக்கிடுகிறார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு கணவர் மாட்டினார். அவர் சுவரில் மிதந்த விலைப் பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். டேப்லெட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு வந்தது: 'விலை: தயக்கம்'.

விற்பனைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், நல்ல மரியாதையான பையன். இருவரும் உட்கார்ந்ததும் அவன் கேட்டான்: "மேடம், கிச்சன்ல காத்து வருமான்னுதானே முதல்ல பார்ப்பீங்க? சிங்க் மேல ஜன்னல் கிழக்குப் பார்த்தது. புகை நிக்கவே நிக்காது." அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் நினைச்சதை அப்படியே சொல்றீங்களே தம்பி!" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி அவன் தவணைத் திட்டத்தை ஆரம்பித்தான். அவரும் இதைத்தான் கேட்க நினைத்தேன் என்றார்.

தம்பியின் கேள்விக்குப் பதில் அங்கே என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அல்லது சொல்லியிருக்க மாட்டார், அது அவர் கையில் இருந்திருக்கும். ஒருவேளை ஜன்னல் முன்னால் அவ்வளவு நேரம் நின்றது அவருக்கே தெரிந்திருக்காது. கை வீச்சில் ரகசியம் இல்லை என்பது உண்மைதான். ரகசியம் என்பது நமக்குத் தெரிந்து நாம் பொத்தி வைப்பது. இங்கே எடுக்கப்படுவது நமக்கே தெரியாத ஒன்று, எடுத்த சூட்டோடு நம்மிடமே திருப்பி விற்கப்படுகிறது. அந்தப் பையனை நல்ல மனசுக்காரன், நம் மனசைப் புரிந்துகொள்கிறவன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்களே, அதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

துணி எடுத்துப் போடுகிற கடைக்காரர் நம் கண் எந்தப் புடவையில் நிற்கிறது என்று பார்ப்பதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கிறார்தான். ஆனால் அவர் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். பிடித்த புடவையை விட்டு வேண்டுமென்றே வேறொன்றைத் தடவிக்கொண்டு பேரம் பேசத் தெரியாத ஆள் நம் ஊரில் உண்டா? அந்த விளையாட்டில் இரண்டு பக்கமும் கண் இருக்கிறது. ஹெட்செட் மாட்டியவருக்கு எதிராளி இருக்கிறார் என்பதே தெரியாது.

பத்து சதவீதம்

வேலை அதோடு நிற்கவில்லை. பில்டரின் மார்க்கெட்டிங் மேலாளர் எங்கள் கூட்டத்தில், ரொம்ப சாதாரணமாக, இன்னொன்றும் கேட்டார். "ஹாலை ஒரு பத்து பர்சென்ட் பெருசா காட்ட முடியுமா? பிளான்ல சரியான அளவுதான் இருக்கும். மாட்டிப் பார்க்கிறப்ப மட்டும். யாருக்கும் தெரியாதில்ல?"

தெரியாது என்பதுதான் பதில், அது அளந்து வைத்த விஷயம். 2001இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஷரீஃப் ரஸாக்கும் அவருடைய சகாக்களும் ஒரு உத்தியைச் செய்து காட்டினார்கள். மெய்நிகர் உலகம் பெரியது, ஆய்வுக்கூடம் சின்னது. நேராக நடந்தால் சுவரில் முட்டிக்கொள்வோம். அதனால் நடப்பவர் தலையைத் திருப்பும்போது உலகத்தையும் அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்றிவிட்டார்கள். அவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பதாக நினைப்பார், உண்மையில் அறைக்குள்ளேயே திரும்பித் திரும்பி நடப்பார். ஜெர்மனியில் ஃபிராங்க் ஸ்டைனிக்கேயும் மற்றவர்களும் 2010இல் இந்த ஏமாற்று எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை கண்டார்கள். காட்சியில் தெரிவதைவிட உடம்பை 49 சதவீதம் அதிகமாகவோ 20 சதவீதம் குறைவாகவோ திருப்பிவிடலாம். நடக்கிற தூரத்தை 14 சதவீதம் சுருக்கியோ 26 சதவீதம் நீட்டியோ காட்டலாம். 22 மீட்டருக்கு மேல் ஆரமுள்ள வட்டத்தில் நடக்கவிட்டு, நேர்கோட்டில் போவதாக நம்பவைக்கலாம். மேலாளர் கேட்ட பத்து இந்த எல்லைக்குள் சுகமாக அடங்கிவிடும்.

நோக்கத்தில் தப்பில்லாத ஆராய்ச்சி இது. வீட்டு ஹாலில் நின்றுகொண்டே பெரிய ஊரைச் சுற்ற வேண்டும் என்றால் இப்படி ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் வீடு வாங்குகிறவர் ஹாலை எதைக்கொண்டு அளக்கிறார்? தன் கண்ணைக்கொண்டும் தன் காலடியைக்கொண்டும்தான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு எத்தனை எட்டு, அந்த மூலையில் நம் வீட்டு பீரோ அடங்குமா. ஹெட்செட்டுக்குள் அந்தக் காலடியின் நீளத்தைத் தீர்மானிப்பது விற்கிறவர். நிறுப்பவன் கையிலேயே எடைக்கல்லையும் செதுக்கக் கொடுத்த மாதிரி.

2018இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நம் கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் அந்த நொடித்துளியில் நமக்குப் பார்வை கிட்டத்தட்ட இல்லை. ஹெட்செட்டின் கண்காணிப்புக் கருவி அந்தத் தாவலைப் பிடித்து, அந்த இடைவெளிக்குள் உலகத்தைத் திருப்பி வைத்துவிடுகிறது. நாம் நேராகத்தான் போகிறோம் என்று நம்புவோம். இதைப் படித்தபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது. கண்ணைப் பார்ப்பதும் நம்மைத் திருப்புவதும் இங்கே ஒரே கருவியின் ஒரே வேலை. நாம் எப்போது கவனிக்கவில்லை என்று அதற்குத் தெரிவதாலேயே அதனால் திருப்ப முடிகிறது. தனியுரிமை என்று ஒரு தலைப்பும், ஏமாற்று வடிவமைப்பு என்று இன்னொரு தலைப்பும் போட்டு நாங்கள் அலுவலகத்தில் இரண்டு கூட்டம் நடத்துவோம். வி.ஆரில் அது ஒரே கூட்டம்.

விற்பனைப் பையனும் நாளைக்கு மெய்நிகர் உருவமாக வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கலாம். அதற்கான பாடமும் எழுதியாகிவிட்டது. 2005இல் பெய்லென்சனும் நிக் யீயும், கேட்பவரின் தலையசைவை 4 விநாடி கழித்து அப்படியே திருப்பிச் செய்கிற ஒரு உருவத்தைப் பேசவிட்டார்கள். மற்றவர்களைவிட அதன் பேச்சு எடுபட்டது. தன் அசைவையே அது நடித்துக் காட்டுகிறது என்று கவனித்தவர்கள் ரொம்பக் குறைவு. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி இதே ஆய்வாளர் வட்டாரத்தில் இன்னொரு சோதனை: வேட்பாளரின் படத்தில் வாக்காளரின் சொந்த முகச் சாயலைக் கலந்து காட்டினார்கள். யாருக்குப் போடுவது என்று உறுதியாக இல்லாதவர்கள் தன் சாயல் உள்ள பக்கம் சாய்ந்தார்கள், கலப்பைக் கண்டுபிடிக்கவில்லை. விளம்பரப் பலகைகள் எனக்கு இவ்வளவு பயம் தருவதில்லை. 2021இல், ஆடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டன் என்ற வி.ஆர். ஆட்டத்தில் ஃபேஸ்புக் விளம்பரம் காட்டிப் பார்க்கப்போவதாக அறிவித்ததும் ஆடுகிறவர்கள் கொதித்தார்கள், சில நாளிலேயே ஆட்டத்தை உருவாக்கிய கம்பெனி பின்வாங்கியது. பலகை கண்ணில் படும், திட்டலாம். நம் தலையாட்டலைத் திருப்பி ஆட்டுகிறவனை எதைச் சொல்லித் திட்டுவது?

விளையாட்டே சோதனையாக இருக்கவும் முடியும். மேலே சொன்ன பெர்க்லி குழுவே புதிர்களை விடுவித்துத் தப்பிக்கிற ஒரு அறையை உருவாக்கி 50 பேரை ஆடவிட்டது. பார்த்தால் சாதாரண ஆட்டம். ஒரு புதிருக்குக் குனிய வேண்டும், ஒன்றுக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஒன்றில் சட்டென்று பொத்தானைத் தட்ட வேண்டும். உயரம், கை நீளம், அறையின் அளவு, எந்தக் கைப் பழக்கம், நிறக்குருடு உண்டா, எவ்வளவு சீக்கிரம் எதிர்வினை செய்கிறார் என்று 25க்கும் மேற்பட்ட விவரங்கள் வந்து விழுந்தன. இதற்கெல்லாம் அனுமதிப் பெட்டி வராது. ஆட்டத்தை ஆடுவதே பதில் சொல்வதுதான்.

மாற்றிச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆப்பிள் 2024இல் விஷன் ப்ரோ என்ற தன் ஹெட்செட்டை விற்க ஆரம்பித்தபோது, எங்கே பார்க்கிறீர்கள் என்பது செயலிகளுக்குப் போகாதபடி செய்தது. விரலைக் கிள்ளித் தேர்ந்தெடுத்தது மட்டும் போகும். விற்பனைப் பையனுக்குச் சிவப்புத் திட்டு கிடைக்காது என்று அர்த்தம். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. வீடியோ அழைப்பில் நமக்குப் பதிலாகத் தோன்றும் உருவத்தின் கண்கள் நம் கண் போகிற பக்கமெல்லாம் போயின. ஆய்வாளர்கள் அந்தக் கண்களைப் பார்த்தே மெய்நிகர் விசைப்பலகையில் என்ன தட்டச்சு செய்கிறார் என்று ஊகித்துவிட்டார்கள். தகவல் கொடுத்ததும் ஆப்பிள் அதைச் சரிசெய்தது, தட்டச்சு செய்யும்போது இப்போது அந்த உருவம் நிறுத்திவைக்கப்படுகிறது. குறை இருந்தாலும் ஆரம்பத்திலேயே எதைக் கொடுக்கக் கூடாது என்று யோசித்த வடிவமைப்பு அது. சம்மதப் பலகையை நீளமாக எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

சட்டம் இன்னும் தட்டைத் திரையில்தான் நிற்கிறது. இந்தியாவில் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வந்தன, 13 வகைகளைப் பட்டியலிட்டார்கள். பொய்யான அவசரம், கூடையில் சொல்லாமல் பொருளைச் சேர்ப்பது, சந்தாவில் சிக்கவைப்பது, நச்சரிப்பது. எல்லாம் நமக்குத் தெரிந்த போன் திரைத் தொல்லைகள். ஹாலை நீட்டிக் காட்டுவது இதில் எதற்குள் வரும் என்று ஒரு வழக்கறிஞர் நண்பரைக் கேட்டேன், தவறான விளம்பரம் என்று வேண்டுமானால் வாதாடலாம் என்றார். அதே வருடம் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது. கண்காணிக்காமல் ஒரு காட்சியைக்கூட வரைய முடியாத கருவியை வைத்துக்கொண்டு இதை எப்படிப் படிப்பது? மெட்டா தன் ஹெட்செட்டுக்கான குறைந்தபட்ச வயதை 2023இல் 13இலிருந்து 10ஆக இறக்கியும் விட்டது.

எங்கள் வேலையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹாலை நீட்டுவதில்லை என்று எங்கள் பக்கம் எழுத்தில் சொல்லிவிட்டோம். அதற்குப் பதிலாக, மாட்டுகிறவர் கையில் ஒரு அளவு டேப்பைக் கொடுக்கலாம் என்று வரைந்து காட்டினேன். சுவருக்குச் சுவர் இழுத்தால் அடி, அங்குலம் வரும், அது பிளானோடு ஒத்துப்போக வேண்டும். மேலாளருக்கு இது பிடித்துவிட்டது, "நம்பிக்கை வரும் மேடம், நல்லா சேல் ஆகும்" என்றார். அடுத்து, நடந்து முடித்ததும் அந்த வண்ண வரைபடத்தை முதலில் வாங்க வந்தவருக்கே காட்டலாம், விரும்பினால் அவர் விற்பனையாளரிடம் கொடுக்கட்டும் என்றேன். மேலாளர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. "காட்டினா அடுத்த ஆளு மாட்டிக்கவே மாட்டாங்க மேடம்" என்றார்.

அந்த வாக்கியத்தைக் கூட்டக் குறிப்பில் அவர் பெயரோடு அப்படியே சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினேன். அளவு டேப் வேலை செய்கிறது. வரைபடம் பற்றிய அடுத்த கூட்டத்தை இரண்டு முறை தள்ளி வைத்திருக்கிறார்கள். அது முடிகிற வரை டேப்லெட் திரையை நான் வரையப் போவதில்லை.